'கேப்டன் குரோனோஸ்' (1974): பேய்ப்படமா, வாள்சண்டைப் படமா?

#1 | சுருள்படம் | வெள்ளி, இரவு 11:52

தூக்கம் வராமல் 'கேப்டன் குரோனோஸ்: வேம்பயர் ஹன்டர்' படத்தை மறுபடியும் போட்டேன். எனக்கு இது நாலாவது தடவை. பேய்ப்படங்களுக்குப் பேர்போன லண்டன் ஹேமர் கம்பெனி 1972இல் எடுத்து, 1974 வரை பெட்டிக்குள்ளேயே வைத்திருந்த படம். எழுதி இயக்கியவர் பிரையன் கிளெமென்ஸ். தொலைக்காட்சிக்கு எழுதியே பேர் வாங்கியவர். அவர் இயக்கிய ஒரே திரைப்படம் இதுதான்.

ஹேமர் என்றால் நமக்கெல்லாம் டிராகுலாவாக வரும் கிறிஸ்டோபர் லீயின் சிவந்த கண்ணும், அவரை வேட்டையாடும் பீட்டர் குஷிங் கையில் இருக்கும் சிலுவையும்தான். இதில் இரண்டு பேருமே இல்லை. ஊர் ஊராகக் குதிரையில் திரியும் ஒரு வாள்வீரன் (குரோனோஸ்), கூடவே கூன் விழுந்த ஒரு பேராசிரியர் (குரோஸ்ட்), போகிற வழியில் சேர்ந்துகொண்ட ஒரு பெண் (கார்லா), அவ்வளவுதான் கோஷ்டி. ஒரு கிராமத்தில் வயசுப்பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தொண்டுகிழவியாகச் செத்துக் கிடக்கிறார்கள். கழுத்தில் பல் பதிந்த தடம் இல்லை. இங்கே வருகிற ரத்தக்காட்டேரிக்கு ரத்தம் வேண்டாம், இளமைதான் வேண்டும்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இது பேய்ப்படம் என்று போர்டு மாட்டிய வேறொரு சரக்கு. தொழில் தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்து யோசித்து வேலை பார்க்கிற படம். காட்டில் கயிறு கட்டி மணி தொங்கவிடுகிறார்கள், செத்த தவளையைப் பெட்டியில் போட்டுப் புதைக்கிறார்கள், கொல்லும் வழி எது என்று பரிசோதனை செய்து பார்க்கிறார்கள். பயமுறுத்தவில்லை என்றுதான் அன்றைக்குக் கைவிட்டார்கள். இன்றைக்கு அதற்காகவே பார்க்கிறோம்.

முடிவையும் சேர்த்துத்தான் பேசப்போகிறோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், படம் 91 நிமிஷம்தான்.


#2 | ஓரத்துசீட் | வெள்ளி, நள்ளிரவு 12:20

அண்ணே, நானும் ஹேமர் பைத்தியம்தான். ஆனால் இதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவது எனக்கு ஒப்பவில்லை. ஹீரோ ஹோர்ஸ்ட் யான்சன் பார்க்க ராஜா மாதிரி இருக்கிறார், சரி. வாயைத் திறந்தால் வேறு ஆள் பேசுகிறார். அவர் ஜெர்மன்காரர், குரல் ஜூலியன் ஹாலோவே. கண் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். நண்பன் சாகும்போதும் அதே முகம், சுருட்டு பிடிக்கும்போதும் அதே முகம்.

குஷிங் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு. 1971இல் வந்த 'ட்வின்ஸ் ஆஃப் ஈவில்' பாருங்கள். அந்த வருஷம் ஜனவரியில்தான் அவர் மனைவி ஹெலன் தவறிப்போனார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய் நிற்கிறார் மனுஷன். சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களைக் கொளுத்தும் வேடம். படத்தில் காட்டேரி ஒருவன் இருக்கிறான், ஆனால் எனக்கு குஷிங்கைப் பார்த்தால்தான் வயிற்றைப் பிசைந்தது. பேய்ப்படம் என்றால் அது.


#3 | மீனலோசனி | சனி, காலை 6:45

>> கண் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

கதாநாயகிக்கு இரவல் குரல் கொடுத்தே வளர்ந்த சினிமா நம்முடையது. நீங்கள் இதைக் குறை சொல்லலாமா ஓரத்துசீட்!

எனக்கு உறுத்தியது வேறு இடம். கார்லா அறிமுகமாகும் காட்சி. தலையையும் கையையும் தொழுமரத்தில் மாட்டி, நடுவழியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என்ன குற்றம்? ஞாயிற்றுக்கிழமை நடனம் ஆடிவிட்டாளாம். அந்த ஒரே வரியில் அது எப்படிப்பட்ட ஊர் என்று புரிந்துவிடுகிறது. குரோனோஸ் இறங்கி விடுவிக்கிறான். அட, என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதோடு சரி. அதற்கப்புறம் அவளுக்கு இரண்டே வேலை: ராத்திரி வைக்கோலில் அவன் பக்கத்தில் படுப்பது, கடைசியில் தூண்டிலில் புழுவாகப் போவது. கேரலைன் மன்ரோ கிடைத்த இடத்தில் எல்லாம் கண்ணாலேயே நடித்திருக்கிறார், அவர் மேல் தப்பில்லை. எழுதியவர் அவளைத் தொழுமரத்திலிருந்து இறக்கினாரே தவிர, கதைக்குள் ஏற்றவில்லை.

படம் பிடிக்காது என்று சொல்லவில்லை. இரண்டு தடவை பார்த்தாயிற்று.


#4 | ஆலங்கட்டி | சனி, காலை 8:10

சுருள்படம் சார், ஒரு சின்னத் திருத்தம். அது தவளை இல்லை, தேரை. தவளை குளத்தில் இருக்கும், தாவும். தேரை சுவரோரமாக, தோல் எல்லாம் சொறிசொறியாக உட்கார்ந்திருக்கும். படத்தில் குரோஸ்ட் புதைப்பது அதைத்தான்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், நம் ஊரில் உள்ளே பருப்பில்லாமல் வற்றிப்போன தேங்காயைத் 'தேரை மோந்த தேங்காய்' என்பார்கள். குழந்தை காரணமில்லாமல் மெலிந்து தோல் சுருங்கினால் தேரை நோய் என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். எங்கள் பாட்டி தேங்காயை உடைத்து, உள்ளே ஒன்றுமில்லை என்றால், பின்கட்டில் உட்கார்ந்திருக்கும் தேரையைத்தான் திட்டுவாள். பாவம் அதற்கும் தேங்காய்க்கும் என்ன சம்பந்தமோ.

படத்தின் ஆரம்பத்தில் காட்டில் ஒரு பெண் கண்ணாடி பார்த்துத் தலை வாருவாள். முக்காடு போட்ட உருவம் கிட்டே வரும். அடுத்துத் திரும்பும்போது முகம் வற்றிக் கிழவியாகியிருப்பாள். எனக்குச் சட்டென்று தோன்றியது பாட்டியின் தேங்காய்தான். ஓடு அப்படியே இருக்கிறது, உள்ளே இருந்ததைக் காணோம். படத்தில் தேரை காட்டேரியைக் காட்டிக்கொடுக்கிறது, நம் ஊரில் தேரையேதான் காட்டேரி. சீமையிலும் இதே பிராணிதான் சிக்கியிருக்கிறது.


#5 | சுருள்படம் | சனி, காலை 9:30

தேரையே சரி. ஒத்துக்கொள்கிறேன். ஆலங்கட்டிக்கு நன்றி.

பார்க்காதவர்களுக்காக அந்தச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். செத்த தேரையைச் சின்னப் பெட்டியில் வைத்து, காட்டுப் பாதையில் அங்கங்கே புதைத்துவிட்டுப் போகிறார் குரோஸ்ட். காட்டேரி அந்தப் பக்கம் கடந்து போயிருந்தால் தேரைக்கு உயிர் வந்துவிடும். அப்புறம் வந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்க்கவேண்டியதுதான். எலிப்பொறி வைத்தவன் காலையில் எழுந்து பார்ப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் செய்கிறார். ஜான் கேட்டர் இந்த வேடத்தைச் செய்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணை உருட்டி மந்திரம் சொல்லவில்லை. சந்தையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிறவர் முகம்.

கொன்று தின்னும் மிருகங்களில் எத்தனை இனம் உண்டோ, காட்டேரியிலும் அத்தனை இனம் உண்டு என்கிறார் அவர். படத்தின் சாவியே அதுதான். ஒவ்வொரு இனத்துக்கும் சாவு வேறு. ஒன்றைக் கொன்ற வழி இன்னொன்றுக்குச் செல்லாது. அதுவரை வந்த ஹேமர் படங்களில் பார்க்கிறவனுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும்: பூண்டு, சிலுவை, சூரிய வெளிச்சம், நெஞ்சில் ஆப்பு. கிளெமென்ஸ் அந்த வாய்ப்பாட்டைக் கிழித்துப் போட்டுவிட்டார். திரைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது.


#6 | வாள்வீச்சு | சனி, மதியம் 1:15

சண்டையைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதற்காகத்தான் வந்தேன்.

மதுக்கடைக் காட்சி. கெரோ என்று ஒரு ரவுடி, கூட இரண்டு கையாட்கள். குரோனோஸைத் தீர்த்துக்கட்டக் கூலி வாங்கியிருக்கிறார்கள். கெரோவாக வருவது அயன் ஹென்ட்ரி, 1961இல் 'தி அவெஞ்சர்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபோது அதன் நாயகன். குரோஸ்டின் கூனைக் கிண்டல் செய்கிறார்கள். குரோனோஸ் பதிலுக்குப் பேச்சை வளர்க்கிறான். எப்போது வாளை உருவுவான் என்று காத்திருக்கிறோம். ஒரே மின்னல், வாள் மறுபடி உறைக்குள். மூன்று பேரும் நின்றபடியே இருக்கிறார்கள். தப்பிவிட்டார்களோ என்று நினைக்கும்போதுதான் விழுகிறார்கள். செத்த விஷயம் அவர்களுக்கே தாமதமாகத்தான் தெரிகிறது. இடுப்பிலிருந்து உருவும்போதே வெட்டி முடிக்கும் ஜப்பானிய முறை அது. சாமுராய் படம் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

கடைசிச் சண்டை நேர் எதிர். நீளமாக, மூச்சு வாங்க, மாளிகைக் கூடத்தில் நடக்கிறது. எதிரே நிற்பது கல்லறையிலிருந்து எழுந்து வந்த மாளிகைப் பிரபு ஹேகன் டர்வர்ட், நடித்தவர் வில்லியம் ஹாப்ஸ். இந்தப் படத்தின் வாள்சண்டைப் பயிற்சியாளரே அவர்தான். பிற்பாடு 1977இல் 'தி டூயலிஸ்ட்ஸ்' படத்துச் சண்டைகளை அமைத்ததும் அவரே. வாத்தியாரே எதிரில் நின்றால் ஹீரோவுக்கு வேறு வழி? யான்சன் முகத்தில் உணர்ச்சி இல்லை என்கிறார் ஓரத்துசீட். கால் வைப்பைப் பாருங்கள் சார், உணர்ச்சி எல்லாம் அங்கே இருக்கிறது.


#7 | ஓரத்துசீட் | சனி, மதியம் 2:05

காலைப் பார்த்து நடிப்பை எடைபோடும் காலம் வந்துவிட்டதா! சரி, மதுக்கடைக் காட்சி பிரமாதம்தான், அதை மறுக்கவில்லை.

ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. பயம் எங்கே? காட்டேரி நடந்து போனால் பூ வாடுகிறது, அழகாக இருக்கிறது. மணி அடிக்கிறது, நன்றாக இருக்கிறது. ஒரு இடத்திலாவது முதுகு சில்லிட்டதா?


#8 | சுருள்படம் | சனி, மாலை 5:40

>> ஒரு இடத்திலாவது முதுகு சில்லிட்டதா?

ஒரு இடத்தில். மார்க்கஸ் சாகும் காட்சி. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் மார்க்கஸ் பட்டாளத்தில் குரோனோஸோடு இருந்தவர். ஊரில் பெண்கள் சாகிறார்கள் என்று அவர்தான் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார். நடித்தவர் ஜான் கார்சன், 'தி பிளேக் ஆஃப் தி ஸாம்பீஸ்' படத்து வில்லன். நல்ல கனத்த குரல். டர்வர்ட் மாளிகைக்குப் போய்த் திரும்பும் வழியில், காட்டில் முக்காட்டு உருவம் ஒன்று எதிரே வருகிறது. அப்புறம் பார்த்தால் உதட்டில் ரத்தம். கொஞ்ச நாளில் மனுஷனுக்குத் தானும் மாறிவிட்டது தெரிந்துபோகிறது. என்னைக் கொன்றுவிடு என்று நண்பனிடமே கேட்கிறார்.

சரி, எப்படிக் கொல்வது? இது எந்த இனம் என்று யாருக்கும் தெரியாதே. நாற்காலியில் கட்டிப்போட்டு நெஞ்சில் ஆப்பு இறக்குகிறார்கள். சாகவில்லை. தூக்கில் தொங்கவிடுகிறார்கள். அதற்கும் சாகவில்லை. ஒவ்வொரு தடவையும் நண்பன் கண்ணைத் திறந்து பார்க்கிறான். தியேட்டரில் இதற்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கும் முதல் தடவை வந்தது. மூன்றாவது முயற்சிக்குள் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. கொலைகாரர்கள் இரண்டு பேரும் நல்லவர்கள், சாகிறவனும் சம்மதித்துத்தான் உட்கார்ந்திருக்கிறான், ஆனாலும் வேலை முடியவில்லை. கடைசியில் மார்க்கஸ் கழுத்தில் தொங்கிய எஃகுச் சிலுவை தற்செயலாக நெஞ்சில் குத்தியதும் உயிர் போகிறது.

ஒரு பக்கம் நண்பனின் பிணம். இன்னொரு பக்கம், அப்பாடா, விடை கிடைத்துவிட்டது. அந்த இரண்டு முகமும் ஒரே நேரத்தில் வரவேண்டிய இடம் அது. யான்சனுக்கு ஒன்றுதான் வருகிறது, அங்கே நான் உங்கள் கட்சி. கேட்டருக்கு இரண்டுமே வருகிறது.

அடுத்து நேராகக் கல்லறைக்குப் போய் ஒரு சிலுவையைப் பெயர்த்தெடுக்கிறார்கள். டாக்டரைக் கொன்றவர்கள் என்று ஊரே கம்பும் கையுமாக வருகிறது. அதையும் சமாளித்து, குரோஸ்ட் அந்தச் சிலுவையை உருக்கி வாளாக அடிக்கிறார். உலைக்களம், சம்மட்டி, பக்கத்தில் குரோனோஸ் கண்மூடி இரவெல்லாம் விரதம். இது பேய்ப்படத்தில் வரும் காட்சியா, நீங்களே சொல்லுங்கள்.


#9 | மீனலோசனி | சனி, இரவு 9:20

அந்தக் காட்சியை விட்டுக்கொடுக்கிறேன், நன்றாகத்தான் இருக்கும். குரோனோஸுக்கு இதில் பழைய காயம் ஒன்றும் உண்டு, யாரும் சொல்லவில்லை. யுத்தம் முடிந்து வீட்டுக்கு வந்தால் அம்மாவும் தங்கையும் காட்டேரிகளாகியிருக்கிறார்கள். அவன் கையாலேயே முடித்துவிட்டுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தவன். மார்க்கஸ் அவனுக்கு முதல் ஆள் இல்லை.

அப்புறம் சீமாட்டி டர்வர்ட். வாண்டா வென்தம் இரண்டு முகம் காட்டுகிறார். புருஷன் செத்த நாளிலிருந்து வாடி வதங்கிப் படுக்கையில் கிடக்கும் கிழவி, பிறகு அந்தக் கிழமுகத்தைக் கழற்றிவிட்டு எழுந்து வரும் அழகி. (பெனடிக்ட் கம்பர்பேட்சின் அம்மா இவர். கன்ன எலும்பைப் பார்த்தாலே தெரியும்.) மகன் மேலும் மகள் மேலும் நம்மைச் சந்தேகப்பட வைத்துவிட்டு, படுத்த படுக்கையாக இருந்தவள்தான் ஆள் என்று காட்டுகிறார்கள்.

யயாதி மகனிடம் இளமையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். இவள் ஊரார் வீட்டு மகள்களிடம் கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறாள். ஆனால் அவளுக்காக மட்டும் எடுக்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் பிளேக் நோயில் போன புருஷனைக் கல்லறையிலிருந்து எழுப்ப எடுக்கிறாள். மொத்தப் படத்திலும் ஒரு காரணத்தோடு நடமாடும் பெண் அவள் ஒருத்திதான். அவளையும் பத்து நிமிஷம்கூட வாழ விடவில்லை.


#10 | பெட்டிக்காரன் | ஞாயிறு, காலை 10:05

கலை விவாதத்துக்கு நடுவில் கணக்கு பேச வருகிறேன், மன்னிக்கவும்.

படம் ஓடாததற்குக் காரணம் பயம் இருந்ததா இல்லையா என்பது மட்டும் இல்லை. 1970 ஜூலையில் பிரிட்டிஷ் தணிக்கையில், பெரியவர்களுக்கு மட்டும் என்று தரும் 'எக்ஸ்' சான்றிதழின் வயது 16லிருந்து 18 ஆனது. உடனே ஹேமர் ஆடையைக் குறைத்துக் கூட்டம் சேர்த்தது. 'தி வேம்பயர் லவ்வர்ஸ்' 1970, 'லஸ்ட் ஃபார் எ வேம்பயர்' 1971, அதே வருஷம் 'ட்வின்ஸ் ஆஃப் ஈவில்'. மூன்றுமே எழுத்தாளர் லெ ஃபானுவின் 1872ஆம் வருஷத்து 'கார்மில்லா' என்ற காட்டேரிக் கதையில் வரும் கார்ன்ஸ்டைன் குடும்பத்தை வைத்துப் பிழைத்தவை. குரோனோஸிலும் அந்த வால் உண்டு. சீமாட்டி டர்வர்ட் பிறந்த வீடு கார்ன்ஸ்டைன் என்று குரோஸ்ட் போகிறபோக்கில் சொல்வார், கவனித்தீர்களா?

இன்னொரு பக்கம், அறுபதுகளில் பணம் போட்ட அமெரிக்க ஸ்டுடியோக்கள் பிரிட்டிஷ் சினிமாவிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்த நேரம். டிராகுலாவை நவீன லண்டனுக்குக் கொண்டுவந்து 'டிராகுலா ஏ.டி. 1972' எடுத்தார்கள், ஹாங்காங் போய் ஷா பிரதர்ஸோடு சேர்ந்து குங்ஃபூ காட்டேரிப் படமும் எடுத்தார்கள். எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்த காலம்.

குரோனோஸ் 1972லேயே வந்திருந்தால் புதுமை என்றாவது பேர் கிடைத்திருக்கும். பெட்டியில் தூங்கி 1974இல் வரும்போது 'தி எக்ஸார்சிஸ்ட்' ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தவனிடம் போய்த் தேரைப் பெட்டியைத் திறந்து காட்டினால்? அமெரிக்காவில் 'ஃபிராங்கன்ஸ்டைன் அண்ட் தி மான்ஸ்டர் ஃப்ரம் ஹெல்' படத்தோடு ஒரே டிக்கெட்டில் இரண்டாகத் தள்ளிவிட்டார்கள். இரண்டிலும் ஷேன் பிரையன்ட் உண்டு, இதில் சீமாட்டியின் மகன், அதில் ஃபிராங்கன்ஸ்டைனின் சீடன். ஒரே ராத்திரியில் அந்தப் பையனை இரண்டு தடவை பார்க்கலாம், அது ஒன்றுதான் லாபம்.

தொடராக வரவேண்டிய கதை இது. கடைசியில் கார்லாவை விட்டுவிட்டு இரண்டு பேரும் குதிரையேறிப் போவதே அடுத்த ஊருக்குத்தான். அடுத்த ஊர் வரவே இல்லை.


#11 | ஓரத்துசீட் | ஞாயிறு, பகல் 12:30

பெட்டிக்காரன் சொல்வது நியாயம். கார்ன்ஸ்டைன் விஷயம் எனக்குத் தப்பிவிட்டது. மறுபடி போட்டுப் பார்க்கப்போகிறேன். பார்த்துவிட்டுத் திட்டுகிறேன்.


#12 | வாள்வீச்சு | ஞாயிறு, மாலை 4:00

கேரலைன் மன்ரோவுக்கு லாபம் இருந்தது சார். கிளெமென்ஸ்தான் 'தி கோல்டன் வாயேஜ் ஆஃப் சிந்துபாத்' படத்துக்கும் திரைக்கதை. 1973இல் அது வந்தது, மன்ரோதான் கதாநாயகி. குரோனோஸுக்குப் பிறகு நடித்தது, குரோனோஸுக்கு முன்னாலேயே வெளியாகிவிட்டது! 1977இல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஹெலிகாப்டரில் வந்து சுடுவாரே, அதுவும் அவர்தான்.

இன்னொன்று. கடைசிச் சண்டைக்கு முன்னால் சீமாட்டி கண்ணாலேயே எல்லோரையும் கட்டிப்போடுவாள். குரோனோஸ் புது வாளைத் திருப்பி முகத்துக்கு நேரே பிடிப்பான், அவள் பார்வை அவளுக்கே திரும்பும். முதல் காட்சியில் கையில் கண்ணாடியோடு செத்தாளே அந்தப் பெண், அவளுக்குச் சேரவேண்டிய கணக்கு அங்கேதான் தீர்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.


#13 | மீனலோசனி | ஞாயிறு, மாலை 4:25

இது நல்ல வாசிப்பு. முதல் காட்சியை மறுபடி பார்க்கவேண்டும்.


#14 | ஓரத்துசீட் | ஞாயிறு, இரவு 11:10

பார்த்தாயிற்று. என் பெண்ணுக்குப் பதினாறு வயசு, அவளும் பாதியில் வந்து உட்கார்ந்தாள். மார்க்கஸ் காட்சியில் நான் சிரிக்கவில்லை, அவள் சிரித்தாள், பிறகு போனை எடுத்து வைத்துவிட்டுக் கடைசிவரை பார்த்தாள். பயந்தாயா என்றேன். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்றாள். என் கட்சி ஜெயித்தது என்று நினைத்தேன். அடுத்த பாகம் எங்கே என்று கேட்டாள். அங்கே சுருள்படம் ஜெயித்துவிட்டார்.

குரல் விஷயத்தில் மட்டும் நான் மசியமாட்டேன்.

அவளுக்கு ஒரு சந்தேகம், எனக்குப் பதில் தெரியவில்லை. உயிர் வந்த தேரையைக் குரோஸ்ட் அப்புறம் என்ன செய்தார்?


#15 | ஆலங்கட்டி | ஞாயிறு, இரவு 11:18

எங்கள் பாட்டி வீட்டுப் பின்கட்டுக்கு அனுப்பியிருப்பார்.